விமான எஞ்சினும் லான்ட்மாஸ்டரும்

விமானத்துக்கெனச் செய்யப்பட்ட எஞ்சின் வீதிக்கு இறங்கியது பெரும்பாலும் போர் முடிந்த காலங்களிலேயே ஆகும். ஆயிரக்கணக்கில் செய்து குவித்த எஞ்சின்களுக்கு வேலையில்லாமற் போனதும் அரசுகள் அவற்றை மலிவாக விற்றன, வேகத்தில் பித்துக்கொண்ட செல்வர்கள் வாங்கினர். 1921இல் இங்கிலாந்தில் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்னும் பிரபு, 23 லீற்றர் கொள்ளளவுடைய ஜெர்மானிய மேபாக் விமான எஞ்சினைப் பழைய மெர்சிடிஸ் காரின் அடிச்சட்டத்தில் பூட்டி, 'சிட்டி பேங் பேங்' எனப் பெயரிட்டு ஓட்டினார். கொள்ளளவு என்பது எஞ்சினின் உருளைகளுக்குள் பிஸ்டன்கள் ஒரு முறை நகரும்போது இடம்பெயர்க்கும் மொத்தக் கனவளவு. இன்றைய பெற்றோல் முச்சக்கர வண்டியில் அது பொதுவாகக் கால் லீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஸ்போரோவ்ஸ்கி செய்வித்த இன்னொரு கார், 27 லீற்றர் லிபர்ட்டி விமான எஞ்சின் பூட்டியது, அவர் இறந்தபின் பாரி தோமஸ் என்ற பொறியியலாளரின் கைக்கு மாறி, 1926இல் வேல்சின் பெண்டைன் கடற்கரையில் மணிக்கு ஏறத்தாழ 275 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி உலகச் சாதனை படைத்தது. அடுத்த ஆண்டு அதே மணலில் அதே கார் கவிழ்ந்து தோமஸ் உயிரிழந்தார்.

இரண்டாம் உலகப் போரில் இந்த மாற்றம் பந்தயக்காரரின் விளையாட்டாக இல்லாமல் அரசின் தேவையாயிற்று. அந்தக் கதையின் எஞ்சின் மட்டக்களப்பு வானிலும் ஒலித்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் தன் தளத்தில் ஒரு விமானமும் இல்லாத நிலையில் இக்கரைக்கு அப்பால் ஜப்பானியக் குண்டுவீச்சில் மூழ்கியது. அதைக் காக்க இரத்மலானையிலிருந்து அனுப்பப்பட்ட ஃபுல்மார் விமானங்கள் காலந்தாழ்த்தியே வந்து சேர்ந்தன. அவற்றையும், அன்று திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து எழுந்து போரிட்ட ஹரிகேன்களையும் செலுத்தியது, 12 உருளைகளும் 27 லீற்றர் கொள்ளளவும் கொண்ட ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் எஞ்சினாகும். உயரே மெலியும் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவியை மெர்லினிலிருந்து கழற்றி, சாதாரண பெற்றோலில் ஓடுமாறு திருத்தி, ஏறத்தாழ 600 குதிரைவலு தரும் மீட்டியர் எஞ்சினாக்கி யுத்த டாங்கிகளில் பொருத்தினர். பறப்பதற்குத் தகுதியற்றவை எனத் தள்ளப்பட்ட மெர்லின் உறுப்புகளும் இதற்குப் பயன்பட்டன. மீட்டியர் பூட்டிய செஞ்சூரியன் டாங்கிகள் 1965இல் இந்தியப் படையோடு பஞ்சாபின் வயல்களில் போரிட்டன.

இத்தகைய எஞ்சின் மட்டக்களப்பு வாவிக்கரையின் வாழ்க்கைக்கு ஒவ்வாதது. விமான எஞ்சின் முன்னோக்கிய வேகத்தில் கிடைக்கும் காற்றை நம்பிக் குளிர்வது, ஏறத்தாழ ஒரே வேகத்தில் நெடுநேரம் சுழல்வது, எரிபொருளைக் குடித்துத் தள்ளுவது. படுவான்கரைக்கோ, அதாவது வாவியின் மேற்கே சூரியன் படும் திசையிலுள்ள நெல்வயல் நாட்டுக்கோ, சேற்றில் இறங்கவும் நெல் மூட்டையோடு துறைவரை ஊர்ந்து வரவும் கூடிய சிறிய எஞ்சினே வேண்டியிருந்தது. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியைக் கடக்க, இங்கே 'பாதை' எனப்படும் மிதவைப் படகுகளே பல துறைகளில் வழி. மண்முனைத் துறைக்குப் பாலம் வந்ததே 2014இல்தான்.

அந்தச் சிறிய எஞ்சினைக் கொணர்ந்தவர் விமானப் பொறியியலும் கற்றவர் என்பதே இவ்வரலாற்றின் சுவையான திருப்பம். இலங்கையரான ரே விஜேவர்தன (1924–2010) கேம்பிரிட்ஜில் விமான, இயந்திர, வேளாண் பொறியியல்களைப் பயின்றவர், விமானமோட்டி, இலகுரக விமானங்களைத் தாமே கட்டியவர். 1950களில் அவர் வடிவமைத்த இருசில்லு உழவு இயந்திரத்தை நொட்டிங்ஹாம் அருகே ஹக்னல் என்னும் ஊரிலிருந்த லான்ட்மாஸ்டர் நிறுவனம் செய்து விற்றது. மெர்லினை ரோல்ஸ் ரொய்ஸ் பறக்கவிட்டுச் சோதித்ததும் அதே ஹக்னலில் என்பது தற்செயலே, ஆயினும் சொல்லாமல் விடத் தக்கதன்று. பின்னர் ஜப்பானிலிருந்து வந்த குபோட்டா முதலிய இயந்திரங்களையும் மக்கள் லான்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர்.

வயலுக்கென வந்த லான்ட்மாஸ்டர் விரைவில் வீதியேறியது. கலப்பையையும் இரும்புச் சில்லுகளையும் கழற்றி, இறப்பர் சில்லுகளைப் பூட்டி, பின்னால் பெட்டியைக் கொளுவினால் உழவு இயந்திரம் வண்டியாகிவிடும். ஓட்டுபவர் பெட்டியின் முன்விளிம்பில் அமர்ந்து, நீண்ட இரு கைபிடிகளைப் பற்றியே அதைத் திருப்புவார். சுக்கான் இல்லை, இடப்பக்கக் கைபிடியிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் அப்பக்கச் சில்லுக்கு வலு அறுந்து இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது பெட்டியின் பாரம் பின்னிருந்து தள்ளுவதால் எஞ்சினே தடையாக மாறி, வலு அறுந்த சில்லு வேகமெடுக்க, அதே நெம்புகோல் இயந்திரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். இதைப் பழகாதவர் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது வாய்க்காலில் விழுவார். தட்டையான வாவிக்கரையில் இந்த ஆபத்து குறைவு என்பதும் இயந்திரம் இங்கு நிலைத்ததற்கு ஒரு காரணமாகலாம்.

பெருநிலக்காரரான போடியார்களின் எருமைப் பட்டிகள் வயலில் சேறு மிதித்ததும், களவெட்டி எனப்படும் நெற்களத்தில் மாடுகள் சூடு மிதித்து நெல்லைப் பிரித்ததும் இயந்திரங்களின் வரவால் அருகின. பால் தந்து, எரு தந்து, தன் இனத்தையும் தானே பெருக்கிய எருமையின் இடத்தில், எரிபொருளும் உதிரிப்பாகமும் கேட்கும் ஒன்றை வைத்தது வேளாண்மையின் முன்னேற்றமாகுமா என்று பின்னாளில் கேட்டவர்களுள் விஜேவர்தனவே முதன்மையானவர். நைஜீரியாவில் பணியாற்றிய காலத்தில் அவர் உழாமலே விதைக்கும் கருவிகளை வடிவமைத்தார். தன் படைப்பையே இவ்வளவு கண்டிப்பாக எடைபோட்ட பொறியியலாளர் அரியவர்.

ஹெர்மிஸின் சிதைவைப் பார்க்கச் சுழியோடிகள் கடல் கடந்து வருகின்றனர். பழைய லான்ட்மாஸ்டர்களோ இரும்பு விலைக்குப் போகின்றன. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அவற்றுள் ஒன்றையேனும் ஓடும் நிலையில் பேணுதல் வேண்டும்.