அரைப் பென்னி வெளிச்சம்

ரஷ் என்கிற செடியைப் பார்த்தால் நம்ம ஊரில் கோரை என்றுதான் சொல்வோம். இரண்டுமே ஈர நிலத்துச் செடிகள்தான், ஆனால் குடும்பம் வேறு. பாய்க்கோரையின் தண்டை விரலில் உருட்டினால் மூன்று முனை தட்டும். ரஷ் தண்டு உருண்டையாக இருக்கும், உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று. இங்கிலாந்தின் கிராமத்து வீடுகளில் ஒரு காலத்தில் அந்தப் பஞ்சுதான் விளக்குத்திரியாக இருந்தது.

ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த கில்பர்ட் வைட், 1775 நவம்பரில் எழுதிய ஒரு கடிதத்தில் இதைப் பற்றி விலாவாரியாகச் சொல்கிறார். கோடையில் அறுத்து, தண்ணீரில் போட்டு, தோலை உரிக்கணும். முழுசாக உரித்துவிட்டால் பஞ்சு நிற்காது. மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு கீற்றுத் தோலை விட்டுவைக்கணும். கண் துளியும் தெரியாத ஒரு கிழவி இதை மளமளவென்று பிசகாமல் செய்ததைப் பார்த்ததாக எழுதுகிறார். பிறகு சில இரவு புல்வெளியில் பனியில் கிடத்தி, வெயிலில் காயவைத்து, உருக்கிய கொழுப்பில் ஒரு முக்கு. அவ்வளவுதான்.

மனுஷர் தராசில் நிறுத்து எண்ணியும் பார்த்திருக்கிறார். ஒரு பவுண்டு காய்ந்த ரஷ்ஷில் 1600 தண்டுக்கு மேல். விலை 1 ஷில்லிங். அதற்கு 6 பவுண்டு கொழுப்பு, 2 ஷில்லிங். தண்டுக்கு அரை மணி என்று வைத்தாலும் 3 ஷில்லிங்குக்கு 800 மணி நேர வெளிச்சம்!

அடுத்துதான் எனக்கு அவரோடு தகராறு. ரொம்ப ஏழைகள் தினமும் சாயங்காலம் அரைப் பென்னிக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்குகிறார்கள், காற்றடிக்கும் வீட்டில் அது இரண்டு மணி நேரத்தில் தீர்கிறது, அதே காசுக்கு ரஷ் 11 மணி நேரம் எரியுமே, இவர்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்கிறார். 3 ஷில்லிங் என்றால் 72 அரைப் பென்னி. அதாவது 72 நாள் மெழுகுவர்த்திக் காசை முன்கூட்டியே எடுத்து வைக்கணும். கெட்டிக்கார மனைவி பன்றிக்கறிப் பானையில் மிதக்கும் கொழுப்பை வழித்துச் சேர்த்துக்கொள்வாளாம், காசே வேண்டாமாம். பானையில் கறி இருந்தால் சரி!

1709இல் மெழுகுவர்த்திக்கு வரி வந்தது. உரிமம் இல்லாமல் வீட்டில் செய்துகொள்ளவும் கூடாது. ஆனால் ஒரே முறை முக்கிய ரஷ்ஷுக்கு விலக்கு உண்டு. 1831இல்தான் வரியை எடுத்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் குடிசைப் பொருளாதாரம் பற்றிப் புத்தகம் எழுதிய வில்லியம் காபெட், தன் பாட்டி ஆயுசில் ஒரு மெழுகுவர்த்திகூட எரித்ததில்லை என்று பெருமையாகச் சொல்கிறார். படிக்கப் போதுமா என்றால், தன்னைத் திட்டி இலவசமாக விநியோகிக்கும் துண்டுப்பிரசுரங்களைக்கூட இந்த வெளிச்சத்திலேயே தாராளமாகப் படிக்கலாம் என்று அதற்கும் ஒரு குத்தல்.