ஓட்டுகிறவன் இல்லாத வண்டி

சென்ற தை மாதம் தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம் ஆகிய இரண்டு கண்டங்களையும் கடந்து, ராட்டினங்கள் இருக்கும் பக்கம் வந்து சேர்ந்தோம். அங்கே இரும்புப் பாதையில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு சின்ன ரயில் இருந்தது. முகப்பில் டிராகன் தலை. வால் பக்கத்தில் பச்சை விளக்கு. ஒரு தென்னங்கன்று உயரத்துக்கு ஏறும், இறங்கும், திரும்பும். அவ்வளவுதான். என் மகள் அதைப் பார்த்ததும் என் கையை உதறிக்கொண்டு வரிசைக்கு ஓடினாள். என் மனைவியும் ஓடினாள் என்பதைச் சொன்னால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். ஆகையால் விரைந்து நடந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தாயார் மட்டும் நின்ற இடத்தில் நின்று அந்த ரயிலை ஆதியோடந்தமாக ஆராய்ந்தார். பிறகு கேட்டார்:

"ஏம்ப்பா, இதை ஓட்டுற ஆளு எங்கே உக்காந்திருக்கான்?"

"வண்டியிலே யாரும் இல்லை அம்மா. அதோ அந்தக் கூண்டுக்குள்ளே ஒருத்தர் இருக்கார் பாருங்க, அவர் சுவிட்சைப் போடுவார்."

"அவன் கீழே பத்திரமா இருக்கானே! கூட ஏறி உக்காந்தாத்தானே அவனுக்கும் பயம் இருக்கும்? நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க. செருப்பையும் பையையும் இங்கே வச்சிட்டுப் போங்க."

எங்கள் குடும்பத்தின் எல்லா உல்லாசப் பிரயாணங்களிலும் அம்மாவுக்குக் கிடைத்திருக்கும் பாத்திரம் இதுதான். கடற்கரையில் செருப்புக் காவல், ஏரிப் படகில் பைக் காவல், ராட்டினத்தில் இரண்டும். அன்று நாங்கள் மூன்று பேரும் ஏறிச் சுற்றிவிட்டு வந்தோம். அம்மா சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து எங்கள் மூன்று ஜோடிச் செருப்பையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. இந்த ஏறி இறங்கும் வண்டிக்கு, ரோலர் கோஸ்டர் என்று உலகம் சொல்கிற இந்த விநோதத்துக்கு, முதலில் ஓட்டுகிறவன் இருந்தானா? இருந்தான் என்றால் எப்போது இறங்கிப் போனான்? நாலைந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அம்மா கேட்டது கிழவியின் பயமல்ல, சரித்திரத்தின் நடு நரம்பையே தொட்டுவிட்டார் என்று தெரிந்தது.

கதை ருஷ்யாவில், பனியில் ஆரம்பமாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் குளிர் காலம் வந்துவிட்டால் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் முதலிய இடங்களில் மரத்தாலான பெரிய சரிவுகளைக் கட்டுவார்கள். 70, 80 அடி உயரம் வரை இருக்கும். மேலே தண்ணீரை ஊற்றினால் போதும். பாக்கி வேலையை ருஷ்யக் குளிரே பார்த்துக்கொள்ளும். படிக்கட்டில் ஏறி உச்சிக்குப் போய், சின்னச் சறுக்கு வண்டியில் உட்கார்ந்தால் கண் மூடித் திறப்பதற்குள் அடிவாரம். பழக்கமில்லாதவர்கள் தனியாகச் சறுக்குவதில்லை. கை தேர்ந்த ஒருவன் வண்டியில் கூடவே உட்கார்ந்து அதைத் திருப்பிச் செலுத்தி வருவான். பார்த்தீர்களா, அம்மா கேட்ட ஆள்! உருண்டால் இரண்டு பேரும் சேர்ந்துதான் உருள வேண்டும்.

மகாராணி காதரீனுக்கு இந்த விளையாட்டில் அபாரப் பிரியம். பனிக்காலம் முடிந்தால் விளையாட்டும் முடிந்துவிடுகிறதே என்ற குறை ராணிகளுக்கு இருக்கலாமா? ஓரானியன்பாம் அரண்மனைத் தோட்டத்தில் அன்டோனியோ ரினால்டி என்ற இத்தாலியச் சிற்பி அவளுக்காக ஒரு சறுக்கு மாளிகை கட்டினான். கோடையிலும் சறுக்குவதற்குச் சக்கரம் வைத்த வண்டிகள். சறுக்குப் பாதை எப்போதோ போய்விட்டது. நீலமும் வெள்ளையுமாக அந்த மாளிகை மட்டும் இன்றும் நிற்கிறது.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1817-ல் பாரிஸில் இப்படிப்பட்ட இரண்டு இடங்கள் திறக்கப்பட்டன. வண்டியின் சக்கரம் பாதையை விட்டு வெளியே துள்ளாதபடி பூட்டிவிடும் தந்திரம் அங்கேதான் கைவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'ருஷ்ய மலை' என்று பெயர் வைத்தார்கள். ருஷ்யர்களோ இன்றைக்கு இதை 'அமெரிக்க மலை' என்கிறார்கள். தன் வீட்டுப் பிள்ளையை ஊரார் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளும் இந்த வேடிக்கை வேறு எந்தப் பொருளுக்கும் நேர்ந்திருக்குமா என்று தெரியவில்லை.

அமெரிக்கக் கிளைக்கும் பனிக்கும் சம்பந்தமே கிடையாது. அது நிலக்கரியில் பிறந்தது. பென்சில்வேனியா மாகாணத்தில் மாவ்ச் சங்க் என்று ஓர் ஊர். இப்போது அதற்கு ஜிம் தோர்ப் என்று பெயர். மலை மேல் இருந்த சுரங்கத்திலிருந்து கரியை ஆற்றங்கரைக்கு இறக்க 1827-ல் ஒன்பது மைல் தூரத்துக்கு இருப்புப்பாதை போட்டார்கள். எஞ்சின் கிடையாது. சரிவில் வண்டி தானாகவே இறங்கும். 'பிரேக்' பிடிக்க ஓர் ஆள் மட்டும் உண்டு. காலி வண்டிகளை மறுபடி மேலே இழுத்துப் போகக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் கரி வண்டிகளோடு தங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியில் ஜம்மென்று நின்றுகொண்டு கீழே வரும். அந்தச் சுகத்தைக் கண்ட கழுதைகள், அப்புறம் ஒரு நாளும் மலையிலிருந்து நடந்து இறங்கச் சம்மதிக்கவில்லை என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன். உலகத்தின் முதல் ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் என்று அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

கழுதைகளைப் பார்த்து மனிதர்களுக்கும் ஆசை வந்தது. காசு கொடுத்து ஏறினார்கள். 1872-ல் கரிக்கு வேறு வழி ஏற்பட்டதும் பாதை முழுவதும் உல்லாசப் பிரயாணிகளுக்கே என்று ஆயிற்று. 1933 வரையில் ஓடியது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை உட்பட எல்லோரும் மலைக் காற்றையும் மரங்களையும் பார்த்துக்கொண்டு இறங்குகிற பிரயாணம் அது. பயம் கொஞ்சம், காட்சி நிறைய.

இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டவர்தான் லமார்கஸ் தாம்ஸன். காலுறை பின்னும் தொழிலில் பணம் சேர்த்தவர். உடம்பு சரியில்லாமல் தொழிலை விட்டவர். பரம பக்திமான். அந்த நாளில் நியூயார்க் ஜனங்கள் காற்று வாங்கப் போகும் கோனி ஐலண்ட் கடற்கரை, சாராயக் கடைக்கும் சூதாட்டத்துக்கும் அதைவிடக் கீழான சமாசாரங்களுக்கும் பேர் போனது. அங்கே போகிற மனிதன் பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவான். அவர்களையும் அழைத்துக்கொண்டு போகத்தக்கதாக ஏதாவது இருந்தால், மனிதன் தானாகவே சாராயக் கடையைத் தாண்டிப் போய்விடுவான் என்பது தாம்ஸனின் கணக்கு. மதுவிலக்குப் பிரசாரம் செய்தவர்கள் எத்தனையோ பேர். மரத்தால் மலை கட்டி மதுவிலக்குச் செய்யப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

1884-ஆம் வருஷம் ஜூன் மாதம் அவருடைய 'ஸ்விட்ச்பாக் ரயில்வே' திறக்கப்பட்டது. நீளம் 600 அடி, உயரம் 50 அடி, கட்டணம் ஐந்து சென்ட். வேகமோ மணிக்கு ஆறு மைல்! நம் ஊரில் அவசரமாகப் போகிறவன் சைக்கிளில் இதைத் தாண்டிவிடுவான். பலகையில் கடலைப் பார்த்தாற்போல் பக்கவாட்டில் உட்கார வேண்டும். ஒரு கோடியில் வண்டி நின்றதும் எல்லோரும் இறங்குவார்கள். ஆட்கள் வண்டியை அடுத்த தண்டவாளத்துக்குத் தள்ளுவார்கள். மறுபடி ஏறித் திரும்பி வருவார்கள். இதற்கா கூட்டம் என்று நமக்குத் தோன்றும். கூட்டம் அலை மோதியது. ஏனென்றால் அந்த வண்டியில் பாட்டி ஏறலாம். செருப்பைக் காவல் காக்க யாரும் கீழே தங்க வேண்டியதில்லை.

பிறகு தாம்ஸன் 1887-ல் அட்லாண்டிக் சிட்டியில் இன்னும் ஒரு படி மேலே போனார். குகை, அதற்குள் தீட்டிய திரைகள், வண்டி வரும்போது பளிச்சென்று எரியும் விளக்குகள் என்று நாடகக் கொட்டகையையே பாதையோரம் கொண்டுவந்து வைத்தார். 'காட்சி ரயில்' என்ற இந்த வகை அமெரிக்கா, ஐரோப்பா எங்கும் பரவியது. இந்த வண்டிகளில் பிரேக் பிடிக்கும் ஆள் நடுவே ஏறி நிற்பான்.

எதிர்க் கட்சி இல்லாமல் இருக்குமா? வேகம்தான் வியாபாரம் என்று நினைத்தவர்கள் அப்போதே இருந்தார்கள். 1895-ல் அதே கோனி ஐலண்டில் ஒருவர் வண்டியைத் தலைகீழாகச் சுற்றவிட்டார். அவர் போட்டது சுத்தமான வட்டம். அதுதான் வினை. வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் பிரயாணியின் உடம்பு தன் எடையைப் போல் சுமார் பன்னிரண்டு மடங்கு கனத்துப்போகும். கழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். 1901-ல் இன்னொருவர் அந்த வட்டத்தை முட்டை வடிவமாக நீட்டி வலியைக் குறைத்தார். ஆனால் ஒரு வண்டியில் நாலு பேர்தான் ஏறலாம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஏறினவர்கள் கொஞ்சம் பேர். கடை மூடியாயிற்று. 1976-ல் ஜெர்மானியர்கள், மேலே போகப்போக வளைவு இறுகுகிற மாதிரி ஒரு வடிவத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வரை, தலைகீழ்ச் சுற்று நின்று நிலைக்கவில்லை.

இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதை நம் குடும்பஸ்தர்களுக்கு விளக்குவது சுலபம். முதல் மேடு ஒன்றாம் தேதிச் சம்பளம். சங்கிலியோ மோட்டாரோ வண்டியை அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். அதன் பிறகு ஒரு தம்படி வருமானம் கிடையாது. அந்த உயரத்தை வைத்துக்கொண்டுதான் பாக்கி எல்லா மேடும் பள்ளமும் ஏறி இறங்க வேண்டும். உராய்வும் காற்றும் கடன்காரர்களைப் போல வழியெல்லாம் பிடுங்கிக்கொண்டே இருப்பதால், அடுத்து வரும் எந்த மேடும் முதல் மேட்டை எட்ட முடியாது. மாதக் கடைசியில் வண்டி தானாகவே நின்றுவிடும். ஏறும்போது 'டக் டக்' என்று கேட்கிறதே, அது பயமுறுத்துவதற்காக அல்ல. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னுக்கு உருளாமல் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம் அது.

அந்தக் கொக்கியைச் சீர்படுத்தியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். ஓட்டுகிறவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவர் யார் என்று கேட்டால், அவரைத்தான் கை காட்டுவேன். அதுவரை வண்டிச் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலும் பக்கத்திலும் மட்டுமே பட்டுக்கொண்டிருந்தன. வேகம் மீறினால் வண்டி எகிறிவிடும். அதனால்தான் பிரேக் பிடிக்க ஓர் ஆள். 1919-ல் மில்லர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தை வைத்துக் கவ்வவிட்டார். இனி வண்டி எகிறவே முடியாது. ஆளும் வேண்டாம். ஆள் போனதும் வேகத்துக்குக் கடிவாளம் போயிற்று. 1927-ல் கோனி ஐலண்டில் எழும்பிய 'சைக்ளோன்' 85 அடி உயரம், மணிக்கு 60 மைல். அதே வருஷம், அதே பெயரில் கானடாவில் கிரிஸ்டல் பீச்சில் கட்டிய ஒன்றில், மயங்கி விழுகிறவர்களைக் கவனிக்க ஒரு நர்ஸைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள்! ஒரு விளையாட்டுக்கு நர்ஸ் தேவைப்படுகிறது என்றால் பாட்டி எங்கே ஏறுவது?

பாட்டி ஏறாதது வயசினால். வேறு காரணத்தால் ஏற முடியாதவர்களும் இருந்தார்கள். குடும்பங்களுக்காக என்று விளம்பரம் செய்த எத்தனையோ அமெரிக்கப் பூங்காக்களில், நீக்ரோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களுக்கு அனுமதி கிடையாது. வாஷிங்டனுக்கு அருகில் க்ளென் எக்கோ என்ற பூங்காவில் 1960 ஜூன் மாதம் மாணவர்கள் உள்ளே போய் ராட்டினக் குதிரைகளின் மேல் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். கைதானார்கள். மறு வருஷம்தான் கதவு திறந்தது. 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய புகழ் பெற்ற கடிதத்தில், பெரிய பெரிய நியாயங்களுக்கு நடுவே ஒரு வீட்டு விஷயமும் வருகிறது. டெலிவிஷனில் விளம்பரம் பார்த்துவிட்டு அந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்று கேட்கும் ஆறு வயது மகளுக்கு, நீ ஏன் போகக்கூடாது என்று விளக்க வேண்டிய தகப்பனின் நிலை. அந்த இடத்தைப் படித்துவிட்டு, என் கையை உதறிக்கொண்டு வரிசைக்கு ஓடிய என் மகளை நினைத்துக்கொண்டேன். அன்று அவளை யாரும் நிறுத்தவில்லை. அதற்கு மேல் படிக்கப் பிடிக்காமல் புத்தகத்தை மூடிவைத்தேன்.

மறுநாள்தான் மீதியைப் படித்தேன். 1959-ல் டிஸ்னிலாண்டில் 'மேட்டர்ஹார்ன்' என்ற பொய் மலையைக் கட்டியபோது, மரத்தையும் பட்டைத் தண்டவாளத்தையும் விட்டுவிட்டு எஃகுக் குழாயை வளைத்துப் பாதை போட்டார்கள். குழாயை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். மூட்டுக்கு மூட்டு எலும்பைக் குலுக்காது. வழவழவென்று போகும். வேகம் மிதம். தாம்ஸனின் பழைய விகிதம் திரும்பி வந்துவிட்டது. இன்று உயரத்தில் போட்டி போடுகிற ராட்சச வண்டிகள் ஒரு பக்கம் இருந்தாலும், குழந்தையும் தகப்பனும் ஒரே பலகையில் உட்காரக்கூடிய சாதுவான வண்டி இல்லாத பூங்காவைக் காண்பது அரிது.

இத்தனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கழுதைக் கதைக்கு மட்டும் சிரித்தார். கடைசியில் சொன்னேன்:

"ஆஸ்திரேலியாவிலே மெல்போர்ன் பட்டணத்திலே 1912-ல் கட்டின ஒண்ணு இருக்கு. டென்மார்க்கிலே 1914-ல் கட்டினது ஒண்ணு. ரெண்டும் பழைய மாதிரியேதான். வண்டி நடுவிலே ஆள் நின்னு பிரேக் பிடிக்கிறான்."

அம்மா அரிவாள்மணையை நிறுத்தினார்.

"வண்டியிலேயே நிக்கிறானா?"

"ஆமாம்."

"ஒவ்வொரு நடையும்?"

"ஒவ்வொரு நடையும்."

சற்று நேரம் யோசித்தார். பிறகு, "டிக்கெட் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

"ஏறுவதற்கா?"

"அந்த ஊருக்குப் போறதுக்கு."