விண்கல்லில் உயிரைத் தேடிய நுண்ணோக்கி

1880இல் ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய வழக்கறிஞர் விண்கற்களை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவற்றில் பவளங்களும் கடற்பஞ்சுகளும் கடல் அல்லிகளும் இருப்பதாக ஒரு நூலையே வெளியிட்டார். அவர் கண்டவை உண்மையில் உருகிய பாறைத்துளிகள் குளிர்ந்தபோது விசிறிபோல் விரிந்த படிகங்கள். உருவம் ஒத்திருந்தால் உறவும் இருக்கும் என்று கொள்ளும் இந்தப் பழக்கமே அடுத்த நூறாண்டுத் தேடலின் மையச் சிக்கல் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

அச்சிக்கலை நன்றாகக் காட்டுவது ஓர்கேய் விண்கல். 1864 மே 14 இரவில் தென்மேற்கு பிரான்சில் விழுந்த இக்கல் கருமையானது, கத்தியால் வெட்டுமளவு மென்மையானது, கரிமச் சேர்மங்கள் மிகுந்தது. 1961இல் ஜார்ஜ் கிளாஸ், பார்தலோமியூ நாகி இருவரும் இக்கல்லிலும் தான்சானியாவில் விழுந்த இவூனா விண்கல்லிலும் பாசிகளை ஒத்த ‘ஒழுங்கமைந்த கூறுகள்’ உள்ளன என ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். அவற்றை ஐந்து வகையாகப் பிரித்தனர். ஐந்தாம் வகை அறுகோண வடிவம் கொண்டது. எளிதில் மறக்க முடியாத உருவம். சிகாகோவின் எட்வர்ட் ஆண்டர்ஸ், ஃபிராங்க் ஃபிட்ச் குழுவினர் அதன் மூலத்தை நம் காற்றிலேயே தேடினர். ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தத்துக்குக் கிரிட்லி என்னும் சாயமேற்றியபோது, அது உருக்குலைந்து அந்த அறுகோணத்தைப்போலவே தோன்றியது. மாதிரியைத் தெளிவாகக் காட்டுவதற்கென்று சேர்த்த சாயமே ஆய்வாளரை ஏமாற்றியிருக்கிறது.

விந்தை இதோடு முடியவில்லை. பிரான்சின் மோந்தோபான் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் நெடுங்காலம் அடைபட்டிருந்த ஓர்கேய் கல்லின் மற்றொரு துண்டைச் சோதித்தபோது, கோரையை ஒத்த ஒரு சதுப்புநிலச் செடியின் விதைகளும் நிலக்கரித் துணுக்குகளும் உள்ளே புதைந்திருந்தன. மேற்புறத்தில் பசை தடவி, விண்கல்லின் எரிந்த மேலோடு போலவே செய்திருந்தார்கள். கல் விழுவதற்கு ஐந்து வாரம் முன்புதான் அறிவியலாளர் லூயி பாஸ்டர் பாரிஸின் சோர்போனில் உயிர் தானாகத் தோன்றுவதில்லை என்று உரையாற்றியிருந்தார். உயிர் தானாகத் தோன்றுமா என்ற அந்நாளைய விவாதத்தில் யாரையோ சிக்கவைக்கச் செய்த மோசடி இது என ஆண்டர்ஸ் குழு 1964இல் கருதியது. வைத்த கண்ணியில் ஒருவரும் விழாமலே நூறாண்டு கழிந்தது.

1984 டிசம்பர் 27இல் அன்டார்க்டிகாவின் ஆலன் மலைப்பகுதியில் கிடைத்த ஏ.எல்.எச். 84001 என்ற 1.9 கிலோ கல், செவ்வாயிலிருந்து வந்தது என்பது பின்னரே தெளிந்தது. 1996 ஆகஸ்டில் டேவிட் மெக்கே குழு அதன் கார்பனேட் உருண்டைகளில் புழுப்போன்ற உருக்களை மின்னணு நுண்ணோக்கியில் காட்டியது. அதிபர் கிளின்டனே வெள்ளை மாளிகையில் அதுபற்றிப் பேசினார். நான்கு சான்றுகளை அக்குழு முன்வைத்தது என்றாலும், மக்கள் மனத்தில் பதிந்தது அந்தப் புழுப்படமே. தனித்து வாழும் உயிரணுவுக்குச் சுமார் 200 நானோமீட்டர் குறுக்களவாவது வேண்டும் என 1998இல் அமெரிக்க அறிவியல் கழகம் கூட்டிய அறிஞர் அவை கணித்தது. அந்த உருக்களில் பல அதைவிட மிகச் சிறியவை. படமெடுப்பதற்காகப் பூசிய உலோகப் படலமும் கனிம விளிம்புகளைப் புழுவாகக் காட்டக்கூடும் என ஜான் பிராட்லி முதலியோர் வாதிட்டனர். ஓர்கேயின் சாயம் வேறு வடிவில் திரும்பி வந்ததுபோல் இருந்தது. காந்தவழி நகரும் பாக்டீரியங்களின் படிகங்களை ஒத்த மேக்னடைட் துகள்களே அதிக காலம் தாக்குப்பிடித்த சான்று. கார்பனேட் சூடேறிச் சிதைந்தாலும் அத்தகைய துகள்கள் உருவாகும் என்பது சோதனையில் தெரிந்தபின் அதுவும் தளர்ந்தது.

ரியூகு சிறுகோளிலிருந்து ஹயபூசா-2 கலம் 2020 டிசம்பரில் கொணர்ந்த 5.4 கிராம் மண்ணை மிகுந்த காப்புடன் நைட்ரஜனில் கையாண்டனர். அதில் ஒரு துகளின்மேல் கோலும் இழையுமாகக் கரிமப் பொருள் இருப்பதை லண்டனில் மேத்யூ கெஞ்ச் குழு கண்டது. 2024இல் அதை வெளியிட்டது. இம்முறை உருவத்தை மட்டும் பார்த்து அவர்கள் முடிவு சொல்லவில்லை. நாள் விட்டுப் படமெடுத்து எண்ணினார்கள்: இழைகள் பெருகின, பின் குறைந்தன. காற்றுப்படுமுன் எடுத்த எக்ஸ்ரே படங்களில் அவை இல்லவே இல்லை. துகள் பூமிக்கு வந்தபின் அதன்மேல் குடியேறிய நம் ஊர் நுண்ணுயிர்கள் அவை.