ஷஹ்ரியார் மன்னனின் தவ்பா

விந்தைக் கதைகளில் வரும் கொடியவன் திருந்த முடியுமா? திருந்தினான் என்று கதை சொல்பவர் முடித்துவிட்டால் நாம் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? இவை சிறுவர்க்குரிய வினாக்கள் என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. குடத்துள் அடைபட்ட ஜின்னும் வானில் பறக்கும் குதிரையும் உலவும் கதைகளை நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். குற்றம் எது, மன்னிப்பு எது என்பதன் முதற்பாடத்தை அப்பிள்ளைகள் அக்கதைகளிலிருந்தே பெறுகிறார்கள். ஆகவே அப்பாடம் செம்மையானதுதானா என்று பார்ப்பது பெரியவர்களின் கடமை.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உலகின் விந்தைக் கதைத் தொகுதிகளுள் தலையாயதாகிய ‘அல்ஃபு லைலா வ லைலா’, அதாவது ‘ஆயிரத்தோர் இரவுகள்’, ஒரு கொலைகாரனின் கதையோடுதான் தொடங்குகிறது. அவனே மன்னன் ஷஹ்ரியார்.

கதையை யாவரும் அறிவர். மனைவி தனக்குத் துரோகம் செய்ததைக் கண்ட மன்னன் அவளைக் கொன்றான். அதோடு அவன் சினம் அடங்கவில்லை. பெண்குலம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினான். ஒவ்வோர் இரவும் ஒரு கன்னியை மணந்து, பொழுது புலர்ந்ததும் அவளைக் கொல்வித்தான். இறுதியில் அமைச்சரின் மகள் ஷஹ்ரஜாத் தானே முன்வந்து அவனை மணந்தாள். விடியும் வேளையில் கதையைப் பாதியில் நிறுத்தி, அதன் முடிவைக் கேட்கும் ஆவலால் அவன் கொலையை ஒத்திவைக்குமாறு செய்தாள். இவ்வாறே ஆயிரத்தோர் இரவுகள் கழிந்தன.

கெய்ரோவின் புலாக் அச்சகம் 1835இல் வெளியிட்ட அரபுப் பதிப்பு, ஷஹ்ரஜாத் வருவதற்கு முன் இக்கொடுமை மூன்றாண்டுகள் நீடித்தது என்று கூறுகிறது. சந்திர ஆண்டுக்கு 354 நாட்கள் எனக் கொண்டால் அது 1,062 இரவுகள் ஆகும். நூல் இக்கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. ஆயினும் எண்ணிப் பார்க்கும் வாசகர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஷஹ்ரஜாத் தன் நாவன்மையால் காத்த உயிர்கள் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனை உயிர்கள் அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டன. அவர்களுள் ஒருத்தியின் பெயரையும் நூல் நமக்குச் சொல்லவில்லை. இன்று கிடைக்கும் பழைய சிரியக் கைப்பிரதி அவர்களைப் பெற்றவர்களை நினைவுகூர்கிறது. தாய்மார் அழுததையும், பெற்றோர் மன்னனைச் சபித்து, வானங்களைப் படைத்தவனிடம் முறையிட்டதையும் அது பதிவு செய்துள்ளது.

இத்தகைய ஒருவன் திருந்தினான் என்று எப்போது சொல்லலாம்? அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். இக்கதைகளை அரபு மொழியில் கேட்டு வளர்ந்த மக்களிடம் அந்த அளவுகோல் இருந்தது. ஹிஜ்ரி 676இல் (1277) மறைந்த இமாம் நவவீ அவர்கள் தம் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் தவ்பாவின் நிபந்தனைகளை வகுத்துரைக்கிறார்கள். பாவத்தை விட்டுவிட வேண்டும். செய்ததற்காக வருந்த வேண்டும். இனி அதனை ஒருபோதும் நாடுவதில்லை என உறுதி கொள்ள வேண்டும். பாவம் மற்றொரு மனிதரின் உரிமையைத் தொட்டதாயின், அவ்வுரிமையிலிருந்து விடுபடுவதும் நான்காவது நிபந்தனையாகச் சேர்ந்துகொள்கிறது.

கொலை செய்தவனுக்குத் திருந்தும் வாயில் அடைபட்டுவிடவில்லை என்பதும் அம்மக்கள் அறிந்ததே. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்று, நூறாவது கொலையையும் செய்தபின் மீட்சிக்கு வழி கேட்ட மனிதரின் வரலாற்றை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளும் தருகின்றன. ஆனால் அந்த மனிதர் தானே தேடிச் சென்று வினவினார். தீமை செய்த ஊரை விட்டு வெளியேறுமாறு அறிஞர் கூறவே, அவ்வாறே புறப்பட்டார். வழியிலேயே இறந்தார். ஷஹ்ரியாரோ தன் அரண்மனையிலேயே, தன் மஞ்சத்திலேயே அமர்ந்திருந்தான். மீட்சிதான் அவனைத் தேடி வந்தது. அவன் அதனைப் பெற்றுக்கொண்டானா என்பதே நம் வினா.

இவ்வினாவிற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடையை அளித்திருக்கிறது. நூலின் முடிவு ஒன்றல்ல, பல என்பதைப் பலர் அறியார்.

பக்தாது நகரத்துப் புத்தக வணிகர் இப்னு நதீம் 987இல் எழுதிய ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியல், ‘ஹஜார் அஃப்ஸான்’ என்ற பாரசீகக் கதைத் தொகுதியைக் குறிப்பிடுகிறது. அவர் தரும் சுருக்கத்தில் ஷஹ்ரஜாத் மன்னனுக்கு ஒரு குழந்தையைப் பெறுகிறாள். குழந்தையைக் காட்டித் தான் கையாண்ட உபாயத்தையும் அவனிடம் வெளிப்படுத்துகிறாள். மன்னன் அவளுடைய அறிவை வியந்து, அவள்பால் மனம் சாய்ந்து, அவளை உயிரோடு விட்டுவைக்கிறான். இங்கே வருத்தம் இல்லை, தவ்பாவும் இல்லை. அறிவுள்ள ஒருத்தி தப்பினாள் என்பதே செய்தி. இப்னு நதீம் இந்நூலைப் பலமுறை முழுமையாகக் கண்டவர். ஆயினும் அதனைச் சுவையற்ற நூல் என்றே மதிப்பிட்டார்.

இன்றுள்ளவற்றுள் மிகப் பழைய பெரிய கைப்பிரதி சிரியாவில் எழுதப்பட்டது. 14 அல்லது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அறிஞர் முஹ்ஸின் மஹ்தி 1984இல் லெய்டன் நகரிலிருந்து இதனைப் பதிப்பித்தார். இப்பிரதி 282ஆம் இரவோடு, ஒரு கதையின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. ஷஹ்ரியார் என்ன ஆனான் என்று அது கூறவில்லை. ஆனால் ஷஹ்ரஜாத் எக்கதைகளை எவ்வரிசையில் சொன்னாள் என்பதைக் கூறுகிறது. அவள் உள்ளக்கிடக்கையை அவ்வரிசையிலேயே காணலாம்.

முதற்கதையில் ஒரு வணிகன் பேரீச்சங்கொட்டையை எறிகிறான். அது பட்டுத் தன் மகன் இறந்தான் என்று ஓர் இஃப்ரீத்து வாளோடு நிற்கிறது. அவ்வழியே வந்த முதியோர் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, ஒவ்வொரு கதைக்கும் பழியில் மூன்றில் ஒரு பங்கை அது விட்டுக்கொடுக்கிறது. பழிவெறி கொண்ட ஒருவன் கதை கேட்டு மனம் இளகக்கூடும் என்பதை முதற்கதையிலேயே மன்னனின் காதில் போடுகிறாள். அடுத்து யூனான் மன்னனின் கதை. தன் தொழுநோயைக் குணப்படுத்திய மருத்துவர் தூபானை, பொறாமை கொண்ட அமைச்சனின் சொல்லைக் கேட்டு அவன் கொல்விக்கிறான். அம்மருத்துவர் விட்டுச் சென்ற ஏட்டின் நஞ்சாலேயே தானும் மடிகிறான். நன்மை செய்ய வந்தவரைக் கொன்றவனின் முடிவு அது.

பின்னர் ‘மூன்று ஆப்பிள்கள்’ கதை வருகிறது. ஷஹ்ரியாரின் முன் வைக்கப்பட்ட கண்ணாடி இதுவே. பக்தாதில் ஓர் இளைஞன் வீண் சந்தேகத்தால் தன் மனைவியைக் கொன்று திஜ்லா ஆற்றில் எறிந்துவிடுகிறான். அவள் மாசற்றவள் என்பது தன் சிறுமகன் வாயிலாகத் தெரியவரும்போது நெஞ்சுடைந்து போகிறான். ஜஃபர் அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்படவிருக்கும் வேளையில், கொன்றவன் தானே என்று முன்வந்து ஒப்புக்கொண்டு, தனக்குத் தண்டனை கேட்கிறான். கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் அவனை மன்னிக்கிறார். மன்னிக்கப்படுவதற்கு முன் அவன் தண்டனைக்குக் கழுத்தை நீட்டினான் என்பதைக் கவனியுங்கள். குற்றமற்ற பெண்களைக் கொன்ற ஒரு மன்னனிடம், அவன் கட்டளை ஒன்றால் தன் தலை விழக்கூடிய நிலையில் இருந்துகொண்டு, ஒரு பெண் இக்கதையைச் சொல்கிறாள். இதனினும் துணிவான அறவுரை வேறு ஏது?

இச்சிரியப் பிரதியை வைத்துக்கொண்டே அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1704 முதல் 1717 வரை பன்னிரண்டு பாகங்களில் தம் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஐரோப்பா இந்நூலை அறிந்தது அதன் வழியேதான். பிரதியில் முடிவு இல்லாத நிலையில் அவர் தந்த முடிவில், ஷஹ்ரஜாத்தின் கதைவளத்தையும் துணிவையும் மெச்சிய சுல்தான் தன் கொடிய சட்டத்தைக் கைவிடுகிறான். பலியாகவிருந்த பெண்களையெல்லாம் மீட்டவள் என்று அவளைப் போற்றுகிறான். அனைத்தும் நன்று. ஆனால் அப்பேச்சினூடே, அப்பெண்களைப் பலிகொள்ளவிருந்த தன் சினத்தை நியாயமான சினம் என்றே அவன் குறிப்பிட்டுக்கொள்கிறான்! பாவத்தை விட்டான், பாவம் என்று உணரவில்லை. நான்கு நிபந்தனைகளில் ஒன்று மட்டுமே நிறைவேறியது.

புலாக் பதிப்பின் முடிவு இதனினும் ஒரு படி மேலானது. ஷஹ்ரஜாத் மூன்று ஆண்மக்களை மன்னன் முன் கொணர்கிறாள். ஒன்று நடக்கிறது, ஒன்று தவழ்கிறது, ஒன்று பால் குடிக்கிறது. தாயற்ற பிள்ளைகளாக இவர்களை ஆக்கிவிட வேண்டா என்று வேண்டுகிறாள். மன்னன் அழுகிறான். இக்குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறான். யார் யாரை மன்னிப்பது? அவள் செய்த குற்றம் யாது? இவ்விடத்தில் வாசகர் மனம் கசப்பது இயல்பே. ஆனால் அதே மன்னன் பின்னர் அமைச்சரை அழைத்து, மக்களின் பெண்மக்களைக் கொல்வதிலிருந்து தான் தவ்பா செய்வதற்கு உம் மகளே காரணமானாள் என்று நன்றி கூறுகிறான். தவ்பா என்ற சொல் இங்கே அவன் வாயிலிருந்தே வந்துவிடுகிறது. நகரம் முப்பது நாட்கள் அலங்கரிக்கப்படுகிறது. ஏழைகளுக்குத் தர்மம் வழங்கப்படுகிறது. பெண்ணைப் பறிகொடுத்த ஒரு வீட்டின் வாசலிலாவது அவன் போய் நின்றான் என்று மட்டும் நூல் கூறவில்லை.

மூன்றாவது முடிவு, மாக்ஸிமிலியன் ஹபிக்ட் 1824இல் தொடங்கிய பிரெஸ்லா பதிப்பில் உள்ளது. அவர் மறைந்தபின் ஃபிளைஷர் என்பார் 1843இல் அதனை நிறைவு செய்தார். ஹபிக்ட் தம் மூலம் என்று கூறிய துனிசியக் கைப்பிரதி உண்மையில் இருந்ததில்லை என்றும், பல பிரதிகளைக் கோத்தே அவர் அப்பதிப்பை உருவாக்கினார் என்றும் டங்கன் மக்டொனால்ட் 1909இல் எடுத்துக்காட்டினார். ஆயினும் அதிலுள்ள முடிவு கருதத் தக்கது. அதில் ஷஹ்ரஜாத் இறுதியாக ஒரு மன்னனின் கதையைச் சொல்கிறாள். துரோகத்தால் வெகுண்டு, பெண்களை மணந்து மணந்து கொன்றவனின் கதை அது. கேட்டுக்கொண்டிருந்த ஷஹ்ரியார், இது தன் கதையே என்று அறிந்துகொள்கிறான். தான் கொடுமையிலும் சினத்திலும் மூழ்கிக் கிடந்ததைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். தன்னை நேர்வழிக்குத் திருப்பியவள் அவளே என்கிறான்.

ஷஹ்ரியாரின் உண்மையான தவ்பா தொடங்கும் இடம் இதுவே என்பது நம் கருத்து. குழந்தைகளைக் கண்டு இளகுவது பாசம். அறிவை வியந்து இளகுவது இரசனை. பிறர் கதையாகத் தன் கதையைக் கேட்டு, அந்தக் கொடியவன் நானே என்று சொல்வதே வருத்தம். ஆயிரம் இரவுகளும் பிறர் குற்றங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியவனுக்கு, தன் குற்றத்தைக் கேட்கும் செவி அன்றுதான் திறந்தது.

எனினும் நான்காவது நிபந்தனை எஞ்சி நிற்கிறது. மாண்டவர்களின் உரிமைக்கு யார் பதில் சொல்வது? ஷஹ்ரஜாத் தன் உயிரை மீட்டாள். வரவிருந்தோர் உயிரையும் மீட்டாள். மறைந்தவர்கள் சார்பில் மன்னிக்கும் அதிகாரம் அவளுக்கு இல்லை; அவர்களைப் பெற்றவர்களை எவரும் கேட்கவுமில்லை.

இக்குறையை உணர்ந்தவர் 1988இல் நோபல் பரிசு பெற்ற எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஜ். அவரது ‘லயாலீ அல்ஃப் லைலா’ நாவல், பழைய கதை முடிந்த மறுநாள் விடியலில் தொடங்குகிறது. ஊர் மகிழ்கிறது; ஷஹ்ரஜாத் மகிழவில்லை. மன்னன் அருகில் வரும்போதெல்லாம் குருதியின் வாடை வீசுவதாகத் தன் தந்தையிடம் முறையிடுகிறாள். ஷஹ்ரியாரும் மெல்ல மெல்லத் தன் செயலின் சுமையை உணர்கிறான். இறுதியில் அரியணையைத் துறந்து தனியனாக வெளியேறுகிறான். நூறு கொலை செய்த மனிதர் ஊரை விட்டுப் புறப்பட்ட அந்தப் பழைய வரலாறு இங்கே நம் நினைவில் எழாமல் இராது. இந்த ஷஹ்ரியாருக்கு அமைதி எளிதில் கிட்டவில்லை. அழுது நிற்போர் கூட்டத்தில் அவனும் ஒருவனாகிறான். பழைய நூல் முப்பது நாள் விழாவோடு முடித்ததை, இவர் கண்ணீரோடு முடித்தார்.

ஆக, கதையில் வரும் கொடியவன் திருந்த முடியும். திருந்தவே முடியாது என்பது இறைவனின் அருளுக்கு எல்லை வகுப்பதாகும். ஆனால் கொலையை நிறுத்திவிட்டான் என்பதால் மட்டும் அவன் மீண்டவன் ஆகமாட்டான். தன் கதையைத் தன் கதை என்று ஒப்புக்கொள்ளவும், இழந்தவர்களின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் அவன் துணிய வேண்டும். ஒருவர் இழைத்த கொடுமையை அவர் பின்னர் காட்டும் இனிமையால் மறந்துவிடச் சொல்வது குடும்பங்களிலும் ஊர்களிலும் இன்றும் நடப்பதே. பொறுத்துப் போகும்படி எப்போதும் ஷஹ்ரஜாத்திடமே சொல்கிறோம். ஷஹ்ரியாரிடம் கணக்குக் கேட்பதில்லை.

ஆகவே இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் தாய்மார்களும் தந்தையரும் அலங்கரித்த நகரத்தோடு முடித்துவிட வேண்டா. அவ்வலங்காரத்தின் நடுவே விளக்கேற்றப்படாத வீடுகள் எத்தனை இருந்திருக்கும் என்று பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் சற்று நேரம் பேசாதிருப்பார்கள். பின்னர் அந்த மன்னன் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அவர்களே நமக்குச் சொல்வார்கள்.