முட்டை பொரிக்கும் நேரம் என்ன விலை?

இணையத்தில் ட்ராகன் வளர்ப்பதை 'சின்னப் பிள்ளையளின்ட விளையாட்டு' எண்டு தள்ளிவிடுவது லேசு. ஆனால் அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதில் எனக்குச் சுவாரசியம் ட்ராகன்களை விட, முட்டை பொரிக்க எடுக்கிற நேரம்தான்.

தொடக்கத்தில் ட்ராகனே இல்லை. 1996 நவம்பரில் யப்பானின் பண்டாய் நிறுவனம் தமகொச்சியை விற்பனைக்கு விட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் முட்டை வடிவப் பொம்மை, அதன் சின்னத் திரையில் ஒரு பிராணி. சாப்பாடு கொடுக்காமல், துப்புரவாக்காமல் விட்டால் செத்துப்போகும். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்துக்கும் காவிக்கொண்டு போனதால் பல பள்ளிகள் தடை போட்டன. 1997இல் அதை உருவாக்கிய அக்கி மைதாவுக்கும் அக்கிஹிரோ யொகோயிக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. பகிடிக்குக் கொடுக்கிற பரிசுதான், அதுவும் பொருளாதாரத்துக்கு! மனிதரின் மில்லியன் கணக்கான வேலை மணித்தியாலங்களை இல்லாத பிராணிகளை வளர்ப்பதில் திருப்பிவிட்டார்களாம். பின்னால் வந்த கம்பனிகள் இந்தப் பகிடியை வியாபாரத் திட்டமாகவே எடுத்துக்கொண்டன போல.

ஆனால் 2006இல் வந்த 'ட்ராகன் கேவ்' வேறு மாதிரி. குகையிலிருந்து ஒரு முட்டையை எடுக்கிறீர்கள். ஏழு நாளுக்குள் பொரிக்காவிட்டால் அது செத்துவிடும். பொரிக்க வைப்பது மற்றவர்களின் பார்வை. முட்டையின் படத்தை நாலு பேர் காணும் இடத்தில் போட வேண்டும், அவர்கள் பார்க்கப் பார்க்க ஓடு வெடிக்கும். அதிலும் ஒரு கணக்கு: சின்ன முட்டையைக் கனபேர் ஒரேயடியாகப் பார்த்தால் அதுக்கு வருத்தம் வரும். ஊரே சேர்ந்து அடைகாக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. இந்த வகை விளையாட்டுகளில் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரிந்து வரவில்லை.

2011இல் அமெரிக்காவின் பக்ஃப்ளிப் ஸ்ரூடியோஸ் 'ட்ராகன்வேல்' வெளியிட்டது. அடுத்த வருசம் பார்சலோனாவின் சோசல் பொயின்ற் பேஸ்புக்கில் 'ட்ராகன் சிற்றி'யைக் கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரு ட்ராகனும் சாகாது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காவிட்டாலும் அது அப்படியே நிற்கும். இரண்டு ட்ராகன்களைச் சேர்த்தால் ஒரு முட்டை. என்ன வகை வரும் என்பது அதிர்ஷ்டம். சில முட்டை நிமிசத்தில் பொரிக்கும், அரியவை ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். பொறுமை இல்லையா? இரத்தினக்கல் கொடுத்தால் உடனே பொரிக்கும். கல் முடிந்தால் உண்மையான காசு.

சாவை எடுத்துவிட்டது இரக்கம் மாதிரித் தெரியும். ஆனால் சாவே இல்லாத இடத்தில் எங்களை வருத்துவதற்கு மிஞ்சுவது காத்திருப்பு ஒன்றுதான், அதுக்குத்தான் விலை போட்டார்கள். கோழி முட்டை 21 நாள் எடுப்பதற்குக் காரணம் உண்டு. இந்த முட்டை ஒரு நாள் எடுப்பதற்கு, யாரோ அப்படித் தீர்மானித்ததைத் தவிர ஒரு காரணமும் இல்லை.

வியாபாரம் பெரிசாக நடந்தது. 2013இல் ஹாஸ்ப்ரோ பக்ஃப்ளிப்பின் 70 வீதத்தை 112 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2017இல் ரேக்-ரூ சோசல் பொயின்றை 250 மில்லியனுக்கு வாங்கியது. பிறகு 2019இல் பக்ஃப்ளிப் மூடப்பட்டது. டெக்கா கேம்ஸ் விளையாட்டைப் பொறுப்பெடுத்தபடியால் ட்ராகன்கள் தப்பின. எடுக்காமல் விட்டிருந்தால், வருசக்கணக்காக வளர்த்த ஆக்கள் ஒண்டும் செய்திருக்க ஏலாது. பழைய தமகொச்சிக்கு அந்தக் கரைச்சல் இல்லை, பற்றரியை மாற்றினால் இன்னும் ஒரு முட்டை வரும்.