முறைவழியாக்கியின் சொல்லும் முறைமையின் ஒப்பமும்

ஒரு செய்நிரல் தான் ஓடும் முறைவழியாக்கியை நோக்கி, "உனக்கு எந்தெந்த அறிவுறுத்தல்கள் தெரியும்?" என்று வினவுவது எளிய காரியம்போலத் தோன்றும். அவ்வினாவுக்கு நம்பத்தக்க விடை கிடைப்பதற்கோ நெடுங்காலம் சென்றது.

தொடக்கத்தில் வினவுவதற்கே வழியில்லை. இன்ரெல் நிறுவனத்தின் 386, 486 முறைவழியாக்கிகள் வழங்கிய நாளில், செய்நிரல்கள் குறிப்பால் உணர்ந்துகொண்டன. கொடிப் பதிவகத்தின் 18ஆம் பிட்டை மாற்றிப் பார்க்கும்; மாறாவிடின் 386, மாறினால் 486. நாடி பிடித்து நோயறியும் வைத்தியம் போன்றது இது. 1993இல் வந்த பென்ரியத்தோடு சீபீயூஐடி என்னும் அறிவுறுத்தல் பரவலாயிற்று. அதனை இயக்கினால் முறைவழியாக்கி தன் பெயரையும் ஆற்றல்களையும் தானே உரைக்கும்.

சிக்கல் இத்துடன் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. 1999இல் பென்ரியம் 3, எஸ்.எஸ்.ஈ. என்னும் புதிய அறிவுறுத்தல் தொகுதியோடும், 128 பிட் அகலமுள்ள எட்டுப் புதிய பதிவகங்களோடும் வந்தது. ஒரு முறைவழியாக்கியில் பல செய்நிரல்கள் மாறி மாறி ஓடுகின்றன அல்லவா? ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓடவிடும்போது, முன்னதன் பதிவகங்களிலுள்ள எண்களை எடுத்துவைத்து, அதன் முறை மீண்டும் வருகையில் திருப்பி வைப்பது பணிசெயல் முறைமையின் கடன். பழைய முறைமைக்கோ இப்புதிய எட்டும் இருப்பதே தெரியாது. ஒரு செய்நிரல் கணித்துவைத்த எண்ணின்மேல் மற்றொன்று எழுதிவிடும். எந்த எச்சரிக்கையும் எழாது. விடை மட்டும் தவறாக வரும். நின்றுபோகும் இயந்திரத்தினும் பொய்க்கணக்குச் சொல்லும் இயந்திரமே கொடியது என்பேன்.

ஆகவே நான்காம் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரு பிட்டை ஒதுக்கினர். "இவற்றை நான் காப்பேன்" என்று முறைமை அதனை ஏற்றிவைத்தாலன்றிப் புதிய அறிவுறுத்தல்கள் இயங்கா. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பிட்டைப் படிக்கும் உரிமை சாதாரணச் செய்நிரலுக்கு இல்லை! சீபீயூஐடியோ ஆற்றல் உண்டென்றே சாதிக்கும். அறிவுறுத்தல் ஒன்றை இயக்கிப் பார்த்து, தவறு எழுந்தால் பிடித்துக்கொள்வதே வழியாயிற்று.

2011இல் 256 பிட் ஏ.வி.எக்ஸ். வந்தபோது இக்குறை நீங்கியிருந்தது. முறைமையின் ஒப்பத்தைச் சீபீயூஐடியின் விடையிலேயே ஒரு பிட் காட்டிற்று. எந்தப் பதிவகங்கள் காக்கப்படுகின்றன என்பதை வேறோர் அறிவுறுத்தல் கூறிற்று. வின்டோஸ் 7க்கு அவ்வாண்டு வந்த முதலாம் சேவைப்பொதியே அவ்வொப்பத்தை அளித்தது.

ஆர்ம் முறைவழியாக்கிகளில் வழி வேறு. அடையாளப் பதிவகங்களை முறைமையே படிக்கும். லினக்ஸ், செய்நிரல் தொடங்கும்போது ஆற்றல்களைப் பட்டியலாகக் கையளிக்கிறது. ஒரே சில்லில் பெரியனவும் சிறியனவுமாக உட்கருக்கள் அமைந்த பின்னர் இதன் அருமை விளங்கிற்று. ஓர் உட்கருவில் கேட்ட விடை, செய்நிரல் மற்றொன்றுக்கு நகர்ந்த கணத்தில் பொய்யாகலாம். ஆதலால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆற்றலையே அறிவிப்பர். இன்ரெல் 2021இல் வெளியிட்ட 12ஆம் தலைமுறையில் பெரிய உட்கருக்களுக்கு ஏ.வி.எக்ஸ்.-512 தெரியும், சிறியவற்றுக்குத் தெரியாது. அந்நிறுவனம் பெரியவற்றிலும் அதனை அடக்கிவைத்தது.