புவித்தொழில்நுட்பக் குழுத் தலைமை

பாலம், துறைமுகம், நெடுஞ்சாலை போன்ற பெருந்திட்டங்களில் மண்ணையும் பாறையையும் ஆராய்ந்து அடித்தளத்தை முடிவுசெய்யும் பொறியாளர் குழுவை நடத்திச் செல்லும் பணி.

இதன் சிக்கலை எட்டயபுரம் வட்டாரத்துக் கரிசல் நன்றாகவே காட்டும். மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுந்த அம்மண் ஐப்பசி மழையில் உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் அப்படியே போட்ட சாலை நாளடைவில் மேடும் பள்ளமுமாகிவிடும். மேல்மண்ணை வெட்டியெடுத்து உப்பாத மண் நிரப்புவதா, சுண்ணாம்பு கலப்பதா, கட்டடமானால் அடியில் குமிழ் வைத்த தூண்களை இறக்குவதா என்பதைக் குழுத் தலைவர் முடிவுசெய்கிறார். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியிலோ கேள்வியே வேறு: கடலுக்குள் நீளும் கல் அலைத்தடுப்புகளைக் கடலடி நிலம் தாங்க வேண்டும்.

முடிவுகளுக்கு அடிப்படை துளைச் சோதனை. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக்குழாய் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியுள்ளது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, அடுத்த 30 செ.மீ.க்கான எண்ணிக்கையே பதிவாகும். எண்ணுபவர் அசட்டையாக இருந்தால் வடிவமைப்பு முழுதும் பிழையாகும். ஆகவே நல்ல தலைவர் அறிக்கைக்காக அலுவலகத்தில் காத்திராமல் துளையருகே நிற்பார்.

2025 ஜூனில் திறக்கப்பட்ட, ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரமுள்ள செனாப் ரயில் பாலம் இப்பணிக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. அதன் புவித்தொழில்நுட்ப ஆலோசகர் ஜி. மாதவி லதா, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். மலையை வெட்ட வெட்டப் புதிய விரிசல்கள் தெரிந்ததால், சரிவுகளின் வடிவமைப்பு பணியினூடே திருத்தப்பட்டது.